டப்பா மட்டும்தான் வேறா? உதிரிபாகத்தின் தரம் குறித்து ஒரு விரிவான பதில்

ஈரோட்டிலிருந்து ஓர் அன்பர் கேட்டிருக்கிறார். அவரிடம் 2014ஆம் ஆண்டு மாடல் கார் ஒன்று இருக்கிறது. முன்சக்கர பிரேக் பேடு, ஒரு வீல் பேரிங், கிளட்ச் செட் ஆகிய மூன்றையும் மாற்ற வேண்டிய நிலை. ஷோரூமில் ஒரு விலை சொல்கிறார்கள். உதிரிபாகக் கடையில் அதில் ஏறத்தாழப் பாதி. மெக்கானிக்கோ மூன்றில் ஒரு பங்குக்கே வாங்கித் தருவதாகச் சொல்லி, "எல்லாம் ஒரே கம்பெனி சரக்குதான் சார், டப்பாதான் வேற" என்கிறார். இதை நம்பலாமா, நம்பக்கூடாது என்றால் எதை வைத்து முடிவு செய்வது என்பது அவருடைய கேள்வி. சென்னையின் பாடி, அம்பத்தூர் வட்டாரத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் ஆலைகளில் 27 ஆண்டுகள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மெக்கானிக் சொன்னதில் பாதி உண்மை. கார் கம்பெனி என்று நாம் சொல்லும் நிறுவனங்கள் காரில் உள்ள பாகங்களில் பெரும்பாலானவற்றைத் தாங்களே செய்வதில்லை. பிரேக் ஒருவரிடமிருந்தும், ஸ்டீயரிங் இன்னொருவரிடமிருந்தும், பேரிங் வேறொருவரிடமிருந்தும் வருகின்றன. பாடி, அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், கோவை என்று நம் ஊர்ப் பெயர்களே அந்த ஆலைகளின் முகவரிகள். இந்த ஆலைகளிலிருந்து வெளியேறும் பாகம் மூன்று வழியாகப் போகும்: ஒரு பகுதி நேரே கார் பூட்டும் ஆலைக்கு, ஒரு பகுதி கார் கம்பெனியின் பெயர் அச்சிட்ட டப்பாவில் ஷோரூமுக்கு, ஒரு பகுதி அந்த ஆலையின் சொந்தப் பெயரிலேயே உதிரிபாகக் கடைகளுக்கு. ஆகவே கார் கம்பெனி டப்பாவில் 3,000 ரூபாய்க்கு விற்கும் பாகமும், அதைச் செய்தவரின் சொந்த டப்பாவில் 1,800 ரூபாய்க்கு விற்கும் பாகமும் ஒரே அச்சில் பிறந்தவையாக இருக்கலாம். அந்த இடத்தில் மட்டும் "டப்பாதான் வேற" என்பது சரியான பேச்சு.

மீதிப் பாதியில்தான் சிக்கல். ஒரே ஆலை என்பதாலேயே ஒரே பாகம் என்று ஆகிவிடாது. ஒரே பிரேக் ஆலை, கார் கம்பெனி ஒப்புதல் அளித்த கலவையில் ஒரு பேடும், விலை குறைந்த சந்தைக்காக வேறு கலவையில் இன்னொரு பேடும் செய்யலாம். இரண்டும் சட்டப்படியானவை, இரண்டும் ஒன்றல்ல. அடுத்து, எந்தப் பெரிய ஆலையோடும் தொடர்பில்லாத சிறு பட்டறை தன் சொந்தப் பெயரைப் போட்டு விற்கும் பாகம் இருக்கிறது. இதைக் கடைக்காரர்கள் "லோக்கல்" என்பார்கள். அதில் நல்லதும் உண்டு, மட்டமானதும் உண்டு. ஆனால் அதில் பொய் இல்லை. கடைசியாக, இன்னொருவர் பெயரையும் முத்திரையையும் திருடி ஒட்டிய போலி. பேச்சு வழக்கில் லோக்கலையும் போலியையும் சேர்த்து "டூப்ளிகேட்" என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது மிக முக்கியம் என்று நினைக்கிறேன். தன் பெயரைப் போடுகிறவன் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியவன். அடுத்தவன் பெயரைப் போடுகிறவனைத் தேடிப் போனால் ஆளே இருக்காது.

இனித் தரம் என்பது என்னவென்று பார்ப்போம். நல்ல லேத் தொழிலாளி ஒருவரிடம் 20 மில்லிமீட்டர் தண்டு ஒன்றைக் கடையச் சொல்லி, 0.02 மில்லிமீட்டருக்கு மேல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று சொன்னால், அவர் மைக்ரோமீட்டரை வைத்து அளந்து அளந்து அருமையாகச் செய்து கொடுத்துவிடுவார். 0.02 மில்லிமீட்டர் என்பது நம் தலைமுடியின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அதையும் அவருடைய கை அறியும். ஒரு தண்டு சரியாக வருவது அவருடைய கைத்திறன். ஆனால் பத்தாயிரம் தண்டுகள் வேண்டும் என்றால் கைத்திறன் மட்டும் போதாது. வெட்டும் டூலின் முனை தேயும், மதிய வெயிலில் மெஷின் சூடேறும், அடுத்த லோடு இரும்புக் கம்பியின் கடினம் கொஞ்சம் மாறியிருக்கும், இரவு ஷிஃப்டுக்கு வந்தவர் புதியவராக இருப்பார். இவ்வளவையும் மீறிப் பத்தாயிரமாவது தண்டும் முதல் தண்டைப் போலவே இருக்கும்படி பார்த்துக்கொள்வதைத்தான் தொழிற்சாலையில் தரம் என்று சொல்கிறோம்.

அதை அளக்க ஒரு எண் உண்டு. சிபிகே என்பார்கள். செய்யப்படும் அளவுகளின் சராசரிக்கும், வரைபடத்தில் அனுமதித்த எல்லைகளில் அருகிலுள்ள எல்லைக்கும் நடுவே எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பதை அது சொல்லும். அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதைக் காட்டும் கணக்குக்குத் திட்டவிலக்கம் என்று பெயர். 1.33 என்றால் நான்கு திட்டவிலக்கம் அளவு இடம் இருக்கிறது, 1.67 என்றால் ஐந்து. புதிதாக ஒரு பாகத்துக்கு ஒப்புதல் தரும்போது வாகன நிறுவனங்கள் முக்கியமான அளவுகளுக்குப் பொதுவாக 1.67 கேட்பார்கள். அதாவது எல்லையைத் தாண்டும் பாகம் பத்து லட்சத்தில் ஒன்று கூட வரக்கூடாது என்று பொருள். அதோடு, மூலப்பொருள் சான்று, அளவை அறிக்கை, அளக்கும் கருவிகளான கேஜ்களைச் சரிபார்த்த பதிவு, செயல்முறை வரைபடம் என்று ஒரு கோப்பே கொடுக்க வேண்டும். ஐஏடிஎஃப் 16949 என்று டப்பாவின் மூலையில் சிறியதாக அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வாகனத் துறைக்கென்று 2016இல் வெளியிடப்பட்ட தர மேலாண்மை விதித்தொகுப்பு அது. அது பாகத்துக்குத் தரும் சான்று அல்ல, பாகத்தைச் செய்யும் முறைக்குத் தரும் சான்று என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஒழுங்கு நம் ஊருக்குப் புதிதல்ல என்பதை இந்த இடத்தில் பெருமையோடு சொல்ல வேண்டும். 1998இல் பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தரத்துக்காக வழங்கப்படும் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் நிறுவனம் அதுதான். அடுத்த சில ஆண்டுகளில் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், டிவிஎஸ் மோட்டார், ரானே குழும நிறுவனங்கள் என்று வரிசையாகப் பெற்றார்கள். அந்தக் காலத்தில் இந்த வட்டாரத்தில் வேலை பார்த்தவர்களுக்கு, தளத்தில் ஒரு நட்டு கீழே கிடந்தால் கூட அது எங்கிருந்து விழுந்தது என்று கண்டுபிடிக்கும் வரை மேற்பார்வையாளர் நகரமாட்டார் என்பது நினைவிருக்கும்.

நான் நேரில் கண்ட ஒன்றைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். இரு சக்கர வாகனத்தின் பிரேக் ஷூ என்பது பிறை வடிவ அலுமினிய வார்ப்பு ஒன்றின் முதுகில் உராய்வுப் பட்டையாகிய லைனிங்கைப் பசையால் ஒட்டியது. வெப்பமும் அழுத்தமும் கொடுத்துத்தான் அந்தப் பசை இறுகும். ஒரு இரவு ஷிஃப்டில், ஆறு குழிகள் கொண்ட அச்சு ஒன்றில், நான்காவது குழியின் அடியிலிருந்த ஹீட்டர் செயலிழந்துவிட்டது. வெப்பத்தை அளக்கும் உணரி வேறொரு குழிக்கு அருகில் இருந்ததால், பலகையில் காட்டிய எண் சரியாகவே இருந்தது. அந்தக் குழியிலிருந்து வந்த ஷூக்களைக் கையில் எடுத்துப் பார்த்தால் நிறம், எடை, அளவு எதிலும் ஒரு குறையும் சொல்ல முடியாது. மணிக்கு ஒரு முறை குழிக்கு ஒன்று வீதம் எடுத்து, லைனிங்கை அழுத்தித் தள்ளிப் பிய்க்கும் சோதனை செய்வோம். நல்ல ஷூவில் பசை விடாது. லைனிங்தான் தனக்குள்ளேயே நொறுங்கிப் பிளக்கும், அலுமினியத்தின் மீது கருப்பாக லைனிங் சதை ஒட்டியிருக்கும். அன்றைக்கு நான்காவது குழி ஷூவில் லைனிங் அப்பளம் போல முழுசாகக் கழன்று வந்தது. கீழே அலுமினியம் பளிச்சென்று தெரிந்தது. கடைசியாகச் சோதனையில் தேறிய நேரத்துக்குப் பிறகு செய்த சரக்கு முழுவதையும் சிவப்புப் பெட்டிக்கு மாற்றினோம். ஒவ்வொரு ஷூவிலும் குழி எண் பதிந்திருப்பதால் நான்காம் எண்ணை மட்டும் தனியே பிரிக்க முடிந்தது. பிரித்தவற்றை விடியும் முன்பே கணக்கெழுதி உடைத்துப் போட்டோம்.

சில ஆண்டுகள் கழித்து என் தம்பியின் வண்டி, மழை நாளில் பிரேக் பிடித்தபோது பின்சக்கரம் இறுகிச் சறுக்கி விழுந்தது. அவனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. பட்டறையில் டிரம்மைக் கழற்றியபோது லைனிங் முழுசாகக் கழன்று ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே சிக்கியிருந்தது. ஷூவைத் துடைத்துப் பார்த்தேன். அதே பளிச்சென்ற அலுமினியம். பிரபலமான ஒரு பெயர் அச்சிட்ட டப்பாவில் வந்த ஷூ அது. ஆனால் அதில் குழி எண்ணும் இல்லை, எந்தத் தொகுதியில் செய்தது என்று காட்டும் பேட்ச் எண்ணும் இல்லை. அதைச் செய்தவன் யார், அன்றைக்கு அவனுடைய அச்சில் எந்தக் குழி சூடாகவில்லை, அந்தக் குழியிலிருந்து இன்னும் எத்தனை ஷூக்கள் எத்தனை வண்டிகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதை அறிய வழியே இல்லை. எங்கள் ஆலையிலும் தவறு நடந்தது, அங்கேயும் தவறு நடந்தது. எங்களால் அந்தத் தவறைத் தேடிப் பிடிக்க முடிந்தது என்பதுதான் வேறுபாடு. பேட்ச் எண்ணை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் அந்த ஷூதான்.

பெரிய நிறுவனமும் இதில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் இக்னிஷன் சுவிட்ச் விவகாரம் சான்று. சாவியைத் தன் இடத்தில் பிடித்து நிறுத்தும் சிறு உள்தண்டும் ஸ்பிரிங்கும் போதிய இறுக்கம் இல்லாமல் இருந்ததால், முழங்கால் பட்டாலோ, கனமான சாவிக்கொத்து ஆடினாலோ சாவி நகர்ந்து, ஓடும் வண்டியின் எஞ்சின் நின்றுவிடும். அதோடு ஏர்பேகும் செயல்படாது. 2006இல் அந்த உள்தண்டை நீளமாக்கிச் சரிசெய்தார்கள். ஆனால் பாக எண்ணை மாற்றவில்லை. பழையதும் புதியதும் ஒரே எண்ணில் இருந்ததால், பழைய கார்களில் மட்டும் விபத்து ஏன் நடக்கிறது, புதிய கார்களில் ஏன் இல்லை என்பது ஆண்டுக்கணக்கில் விளங்கவில்லை. வழக்கு ஒன்றுக்காக ஒரு பொறியாளர் இரண்டு சுவிட்சுகளையும் பிரித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது. 2014இல் ஏறத்தாழ 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். இழப்பீட்டு நிதியம் 124 உயிரிழப்புகளுக்கு அந்தச் சுவிட்சே காரணம் என்று ஏற்றுக்கொண்டது. பாகத்தின் மீது பதித்திருக்கும் எண் வெறும் அடையாளம் அல்ல, அது ஒரு வாக்கு. உள்ளே மாற்றிவிட்டு எண்ணை மாற்றாமல் விட்டவர்கள் அந்த வாக்கை மீறினார்கள்.

சரி, கடையில் நிற்கும்போது என்ன செய்வது? எல்லாப் பாகத்துக்கும் ஒரே அளவு பயப்பட வேண்டியதில்லை. இது உடைந்தால் என்ன நடக்கும் என்று ஒரு முறை கேட்டுக்கொண்டால் பாதி முடிவு வந்துவிடும். கதவுக் கைப்பிடி, பக்கக் கண்ணாடியின் மூடி, மட்கார்டு, மிதியடி ஆகியவற்றை லோக்கலாகவே வாங்கலாம், பொருந்தினால் போதும். பிரேக் பேடு, பிரேக் ஹோஸ், சக்கரத்தை ஸ்டீயரிங்கோடும் சஸ்பென்ஷனோடும் இணைக்கும் டை ராடு, பால் ஜாயிண்ட், வீல் பேரிங், டயர் ஆகியவற்றில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது. இவற்றில் கார் கம்பெனி டப்பா, அல்லது கார் கம்பெனிக்கே கொடுக்கும் ஆலையின் சொந்த டப்பா, இரண்டில் ஒன்றுதான் என் வண்டிக்கு வரும். டைமிங் பெல்ட்டையும் இந்த வரிசையில்தான் வைப்பேன். உயிருக்கு நேரடி ஆபத்து குறைவு என்றாலும், பல எஞ்சின்களில் அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டன் மீது மோதி எஞ்சினே வீணாகிவிடும்.

இரண்டுக்கும் நடுவே இருப்பது ஆயில் ஃபில்டர். இதில்தான் படித்தவர்களே அதிகம் ஏமாறுகிறார்கள் என்பது என் அனுபவம். வெளியே பார்த்தால் வண்ணம் பூசிய தகரக் குப்பி. நல்லதுக்கும் போலிக்கும் வேறுபாடே தெரியாது. அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். நல்ல ஃபில்டரில் காகிதம் நெருக்கமாக, ஒரே சீராக மடிக்கப்பட்டு, இரு முனைகளும் சேரும் இடம் நன்றாக மூடப்பட்டிருக்கும். எஞ்சின் நின்றபின் ஆயில் வடிந்துவிடாமல் தடுக்க ஒரு ரப்பர் வால்வு இருக்கும். காகிதம் அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்கு ஆயில் நின்றுபோகாமல் இருக்க ஸ்பிரிங் வைத்த பைபாஸ் வால்வு ஒன்றும் பலவற்றில் இருக்கும். போலியில் மடிப்புகள் எண்ணிவிடும் அளவுக்குக் குறைவாக இருக்கும். ஸ்பிரிங் தளர்ந்து, பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். அதாவது ஆயில் வடிகட்டப்படாமலேயே சுற்றிக்கொண்டிருக்கும். டாஷ்போர்டில் எந்த விளக்கும் எரியாது, வண்டியும் நன்றாக ஓடும். கிராங்க் பேரிங் தேய்ந்து சத்தம் வரும்போது, அது இரண்டு ஆண்டுகளுக்கு முன் மிச்சம் பிடித்த நூறு ரூபாயால் வந்தது என்று யாருக்கும் தோன்றாது.

கடையில் முதலில் டப்பாவைப் படியுங்கள். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, செய்தவர் அல்லது பொட்டலமிட்டவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, செய்த மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை, புகார் செய்யத் தொடர்பு விவரம் எல்லாம் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த டப்பாவைத் திருப்பி வைத்துவிடலாம். பிறகு டப்பாவில் உள்ள பாக எண்ணும் பாகத்தின் மீது பதிந்த எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். வார்ப்பின் ஓரங்களில் பிசிறு அப்படியே இருந்தால், எழுத்துகள் ஆழம் மாறி மாறி இருந்தால், பெயின்ட்டுக்கு அடியில் துரு தெரிந்தால் வாங்காதீர்கள். ஹோலோகிராம் இருக்கிறதே என்று மட்டும் நம்பிவிட வேண்டாம். பளபளக்கும் ஸ்டிக்கரை அச்சிடுவது இப்போது கடினமான வேலை அல்ல. கியூஆர் குறியீட்டைச் செல்போனில் காட்டினால், அது அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்குத்தான் போகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பேடின் முதுகில் சில ஆங்கில எழுத்துகள் அச்சிடப்பட்டிருக்கும். எஃப்எஃப், எஃப்இ, ஜிஜி என்று வரும் இரண்டெழுத்துகள் உராய்வுத் திறனைச் சொல்பவை. முதல் எழுத்து வழக்கமான வெப்பத்தில், இரண்டாவது எழுத்து மிகுந்த வெப்பத்தில். இ என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை, எஃப் 0.35 முதல் 0.45 வரை; ஜி 0.45 முதல் 0.55 வரை. ஆகவே எஃப்இ என்று இருந்தால் சூடேறியதும் பிடிப்பு குறையும் என்று பொருள். பண்ணாரியிலிருந்து திம்பம் மலைப்பாதையில் ஏறி இறங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய எழுத்து அது. ஆனால் இந்த எழுத்துகள் தேய்மானத்தையோ, கீச்சிடும் சத்தத்தையோ, லைனிங் தகட்டோடு ஒட்டியிருக்கும் உறுதியையோ சொல்லமாட்டா. வட்டத்துக்குள் இ என்ற எழுத்தும் ஓர் எண்ணும், அதோடு ஆர்90 என்றும் இருந்தால், மாற்றுப் பேடுகளுக்கான ஐரோப்பிய விதியின்படி, வண்டியோடு வந்த மூல பேடின் செயல்திறனிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகாது என்று சோதித்து ஒப்புதல் பெற்றது என்று பொருள். அது நல்ல அறிகுறி.

பேரிங்கில் எண்ணைப் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது. பல மோட்டார் சைக்கிள்களின் சக்கரத்தில் இருக்கும் 6301 என்ற பேரிங்கின் உள்விட்டம் 12, வெளிவிட்டம் 37, அகலம் 12 மில்லிமீட்டர். உலகில் யார் செய்தாலும் 6301 என்றால் இந்த அளவுதான். எனவே போலியும் அழகாகப் பொருந்தும்! பொருந்துவதாலேயே அது நல்லது என்று நினைப்பதுதான் பிழை. எஃகின் தூய்மையும், வெப்பப் பதத்தில் கிடைத்த கடினமும், குண்டுகளின் உருண்டைத் தன்மையும், உள்ளே போட்ட கிரீஸும் கண்ணுக்குத் தெரியாதவை. எண்ணுக்குப் பின்னால் சி3 என்று இருந்தால் உள்ளே இடைவெளி வழக்கத்தைவிடக் கூடுதல் என்று பொருள். பழையதில் அது இருந்தால் புதியதிலும் இருக்க வேண்டும். கண்ணால் சோதிக்க முடியாத பாகம் என்பதால், பேரிங்கை அந்தப் பிராண்டின் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் பில்லோடு வாங்குவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. போல்ட்டுகளில் தலையில் 8.8, 10.9 என்று பதிந்திருக்கும். 8.8 என்றால் 800 மெகாபாஸ்கல் இழுவலிமை, அதில் 80 விழுக்காடு வரை இழுத்தாலும் போல்ட் நிரந்தரமாக நீண்டுவிடாது. சக்கரத்திலும் சஸ்பென்ஷனிலும் எண் இல்லாத போல்ட்டைப் போடவே கூடாது. டயரில் ஐஎஸ்ஐ முத்திரையும், செய்த வாரம், ஆண்டைக் காட்டும் நான்கு இலக்கமும் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம்.

சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய பாகச் சந்தைகளைப் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. கதவு, பானெட், கண்ணாடி, இருக்கைச் சட்டம் ஆகியவற்றுக்கு அது அருமையான இடம். பழைய ஒரிஜினல் கதவு புதிய லோக்கல் கதவைவிட நன்றாகவே பொருந்தும். ஆனால் டை ராடு, பால் ஜாயிண்ட், சீட் பெல்ட், ஏர்பேக் ஆகியவற்றை அங்கே வாங்காதீர்கள். முன்பு எவ்வளவு அடி வாங்கின, எந்த வெயிலில் கிடந்தன என்பது தெரியாத பாகங்கள் அவை. டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேகுகளில், ஊதுவிக்கும் வேதிப்பொருளே ஆண்டுக்கணக்கான வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டு, உலோகக் கூட்டை வெடிக்கச் செய்து உயிர்களைப் பறித்தது உலகம் அறிந்தது.

பாகம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பொருத்துவதில் கெடுத்துவிடலாம். பேரிங்கை உட்கார வைக்கும்போது எந்த வளையம் இறுக்கமாகப் பொருந்த வேண்டுமோ அந்த வளையத்தின் மீதுதான் அழுத்தம் விழ வேண்டும். மற்ற வளையத்தில் சுத்தியலால் அடித்தால் அந்த அடி குண்டுகள் வழியாகப் போய், அவை ஓடும் பாதையில் பள்ளம் விழும். புதிய பேரிங் முதல் நாளிலேயே இரையத் தொடங்கும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகிச் சறுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள கார்கள் பலவற்றில் பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே சக்கர வேகத்தை உணர்த்தும் காந்த வளையம் இருக்கிறது. திருப்பிப் போட்டால் ஏபிஎஸ் விளக்கு எரியும். பேடை டிஸ்க்கின் மீது அழுத்தும் பிரேக் கேலிப்பரை டீசலிலோ பெட்ரோலிலோ கழுவுவது நம் பட்டறைகளில் பழகிப்போன செயல். பிரேக் ஆயிலுக்கென்று செய்த ரப்பர், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிவிடும்; பிஸ்டன் பின்வாங்காமல் பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். பிறகு பழி பேடின் மீது விழும். பிரேக் கிளீனர் அல்லது புதிய பிரேக் ஆயிலால் மட்டும் கழுவச் சொல்லுங்கள்.

ஷோரூமுக்கு வெளியே வேலை பார்த்தால் வாரண்டி போய்விடும் என்ற அச்சம் உங்களுடைய பழைய காருக்குப் பொருந்தாது. ஆனாலும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் தகவல்களையும் வெளிச்சந்தைக்குத் தராமல் அடைத்து வைத்திருந்ததுதான் குற்றச்சாட்டு. தனிப்பட்ட பட்டறையில் வேலை பார்த்தார் என்பதற்காகவே வாரண்டியை முழுவதுமாக ரத்து செய்யும் நிபந்தனையைப் போடக்கூடாது என்றும் அந்த ஆணை சொன்னது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன என்றாலும், நல்ல பாகம் ஷோரூம் கவுண்ட்டரில் மட்டும்தான் கிடைக்க வேண்டும் என்ற நிலை நியாயமற்றது என்பதே என் உறுதியான கருத்து. அந்த நிலைதான் போலிகளுக்குச் சந்தையைத் திறந்து விடுகிறது.

இனி உங்கள் மூன்று பாகங்கள். பேடு: ஷோரூம் டப்பாவோ, உங்கள் காருக்கு பிரேக் கொடுக்கும் ஆலையின் சொந்த டப்பாவோ போதும், பழைய பேடின் முதுகிலேயே அந்த ஆலையின் பெயர் பெரும்பாலும் இருக்கும், துடைத்துப் பாருங்கள். டிஸ்க்கின் ஓரத்தில் குறைந்தபட்சத் தடிமன் பதிந்திருக்கும். அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் புது பேடு மட்டும் போட்டுப் பயனில்லை. வீல் பேரிங்: மூன்றில் ஒரு பங்கு விலை என்பதை மறந்துவிடுங்கள், சுத்தியல் இல்லாமல் அழுத்தி ஏற்றும் பிரஸ் இருக்கும் பட்டறையில் மட்டும் பொருத்துங்கள். கிளட்ச்: பிரஷர் பிளேட், டிஸ்க், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரே செய்பவரின் செட்டாக வாங்குங்கள். உங்கள் மெக்கானிக் சொல்லும் விலையைப் பார்த்தால் அது ரீகண்டிஷன் செட்டாக இருக்கக்கூடும். அதில் டிஸ்க்குக்குப் புது லைனிங் அடித்திருப்பார்கள், ஆனால் பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் லட்சம் கிலோமீட்டர் உழைத்துக் களைத்த அதே ஸ்பிரிங்தான். கியர்பாக்ஸை இறக்கும்போது கிராங்க் சீலில் ஆயில் கசிவு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதையும் அப்போதே மாற்றிவிடுங்கள். இறக்கி ஏற்றும் கூலியே பெரிய செலவு.

மெக்கானிக்கிடம் சண்டை வேண்டாம். அவர் அந்த விலை வேறுபாட்டில் கொஞ்சம் லாபம் பார்ப்பவராக இருக்கலாம், அவரும் ஏமாற்றப்பட்டவராகவும் இருக்கலாம். பாகத்தை நீங்களே வாங்கிக் கொடுத்து, அதற்குப் பதிலாகக் கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதிய டப்பாக்களைப் பட்டறையில் விட்டு வராதீர்கள். ஒரிஜினல் டப்பாவுக்கே தனி விலை உண்டு, அதில் நாளைக்குப் போலி ஏறும். பேட்ச் எண் உள்ள பக்கத்தைப் படம் எடுத்து பில்லோடு வைத்துக்கொண்டு, டப்பாவைக் கிழித்துப் போடுங்கள். போலி என்று உறுதியானால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம், பிராண்டின் உரிமையாளருக்கும் எழுதலாம். வணிகச் சின்னத்தைப் போலியாகப் பயன்படுத்தி விற்பவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. புதிய பேடு போட்ட பின் முதல் 200, 300 கிலோமீட்டருக்கு அவசரம் இல்லாமல் மெதுவாகப் பிரேக் பிடித்து ஓட்டுங்கள். அதன் பிறகு ஒரு முறை சக்கரத்தைக் கழற்றி, உள்பக்க பேடும் வெளிப்பக்க பேடும் ஒரே அளவில் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் கேலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின் இறுகியிருக்கும். அப்படி இருந்தால் பொதுவாகப் பாகம் மாற்ற வேண்டியதில்லை, சுத்தம் செய்து அதற்குரிய கிரீஸ் போட்டால் போதும்.